மூன்று வாட்டுக்குள் ஒரு பயணம்

1983-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலிருந்து ஸ்டீவன் ராபர்ட்ஸ் என்ற எழுத்தாளர் புறநகர் வீட்டு வாழ்க்கையை உதறிவிட்டு, சாய்ந்தபடி மிதிக்கும் சைக்கிள் ஒன்றில் கிளம்பினார். வேலையை விட்டுவிட்டுப் போகவில்லை. அதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். ரேடியோ ஷாக் நிறுவனத்தின் ‘மாடல் 100’ கையடக்கக் கணினி அந்த ஆண்டுதான் கடைக்கு வந்திருந்தது. எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு, திரையில் எட்டே வரி, ஓடுவதற்கு நான்கு ஏஏ பேட்டரி. பகலில் மிதித்து, கிடைத்த இடத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்து, பொதுத் தொலைபேசி வழியாக கம்ப்யூசர்வ் வலையமைப்புக்கு எழுதியதை அனுப்புவார். நொடிக்கு முப்பது எழுத்து போகும். ஆயிரம் சொல் கட்டுரை ஒன்று போய்ச் சேர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் லைன் கட் ஆகாமல் இருக்க வேண்டும்.

சைக்கிளில் ஊர் சுற்றிக்கொண்டே உலகத்தோடு தொடர்பில் இருக்க முடியும் என்று செய்து காட்டிய முன்னோடிகளில் அவர் முக்கியமானவர். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது வேறு கதை. இரண்டாவது வண்டியில், ஓட்டிக்கொண்டே தட்டச்சு செய்ய ஹேண்டில்பாரிலேயே பொத்தான்கள் வந்தன. பெஹெமோத் என்று பெயரிட்ட மூன்றாவது வண்டி 1990-களின் தொடக்கத்தில் தயாரானபோது, அதில் பல கணினிகள், சூரியத் தகடுகள், ஹாம் ரேடியோ, செயற்கைக்கோள் இணைப்பு, தலைக்கவசத்தில் ஒரு குட்டித் திரை, 105 கியர்கள் எல்லாம் இருந்தன. பின்னால் இழுக்கும் டிரெய்லரோடு சேர்த்து எடை 580 பவுண்டு, அதாவது சுமார் 263 கிலோ. அந்த எடைக்கு 105 கியர்கூடக் குறைவுதான். வண்டி இப்போது கலிபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ராபர்ட்ஸ் படகு கட்டப் போய்விட்டார்.

அந்த 263 கிலோ செய்த வேலையில் பெரும்பகுதியை இன்று 200 கிராம் செல்போன் செய்துவிடுகிறது. அப்படியானால் நெடும்பயணம் போகிறவர்களின் பை இளைத்திருக்க வேண்டுமே? இல்லை. போன் இருக்கிறது, வழிகாட்டத் தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி, கையில் ஸ்மார்ட் வாட்ச், ஹெல்மெட்டில் கேமரா, பையில் டேப்லெட், சிலரிடம் டிரோன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேபிள், கேபிளுக்கு ஒரு தலை. எல்லாம் சேர்ந்தால்கூட மூன்று கிலோ வராது, உண்மைதான். சிக்கல் கிலோவில் இல்லை, வாட்டில் இருக்கிறது. ராத்திரி தங்குமிடத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட் இருக்கும், அதுவும் கட்டிலுக்குப் பின்னால். ஐந்து கருவிகள் அதற்கு வரிசையில் நிற்கும். விடிந்து பார்த்தால் இரண்டு சார்ஜ் ஏறியிருக்கும், மூன்று ஏறியிருக்காது.

பழைய கறுப்பு சைக்கிள் ஓட்டியவர்களுக்கு டைனமோவைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாட்டில் மாதிரி இருக்கும் அதை டயரில் படும்படி தட்டிவிட்டால் மிதி கனக்கும், விளக்கு எரியும். ஏற்றத்தில் வேகம் குறைந்தால் வெளிச்சமும் மங்கும். அதே சங்கதியை முன்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் உரசல் இல்லாமல் வைத்ததுதான் ஹப் டைனமோ. ஜெர்மனியின் ஷ்மிட், ஜப்பானின் ஷிமானோ போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகம் பிடித்தால் ஆறு வோல்ட், மூன்று வாட். போன் ஏற்கும் ஐந்து வோல்ட்டாக அதை மாற்றும்போது கொஞ்சம் வீணாகும். இரண்டரை வாட் மிஞ்சினால் நல்லது.

ஆறு மணி நேரம் சீராக மிதித்தால் பதினைந்து வாட்-மணி. இன்றைய 5,000 எம்ஏஎச் போன் பேட்டரி நிரம்பச் சுமார் பத்தொன்பது வேண்டும். ஒருநாள் உழைப்பு, முக்கால் போன். மலைப்பாதையில் மணிக்கு ஏழு கிலோமீட்டரில் ஏறும்போது சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வராது. இருட்டில் விளக்கைப் போட்டால் அந்த மூன்று வாட்டும் விளக்குக்கே சரி. ஐம்பது வாட்-மணி மடிக்கணினிக்கு இந்தக் கணக்கில் மூன்று நாளுக்கு மேல் மிதிக்க வேண்டும், அதுவும் போனைப் பட்டினி போட்டு.

சக்கரம் தரும் இந்த மின்சாரத்துக்குள் எது அடங்குமோ அதை மட்டும் எடுத்துப் போவதுதான் சரி. டைனமோ மாட்டாதவர்களும் இந்த அளவையே எல்லையாக வைத்துக்கொள்ளலாம். ஒரு போன், 200 கிராம் எடையில் ஒரு 10,000 எம்ஏஎச் பவர் பேங்க், மழைக்குத் தாங்கும் உறை, இரண்டு கேபிள். போதும். டைனமோவை நேரடியாகப் போனில் சொருகுவதைவிட பவர் பேங்கில் சொருகுவது நல்லது. சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் மின்சாரம் விட்டுவிட்டு வரும். அதைப் போன் சகித்துக்கொள்ளாது, ஒவ்வொரு முறையும் திரையை எரியவிட்டு இருக்கிற சார்ஜையும் தின்னும்.

வேலையைக் கூடவே கொண்டுபோக வேண்டியவர்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். ராபர்ட்ஸின் முதல் வண்டியே அதற்குப் பதில். நான்கு சின்ன பேட்டரியில் அவர் பிழைப்பை நடத்தினார். இன்றைய போனோடு மடக்கும் விசைப்பலகை ஒன்று இருந்தால் அவர் செய்ததைவிட அதிகமாகச் செய்யலாம். வீடியோ வெட்டி ஒட்டி அன்றன்றைக்கே ஏற்ற நினைப்பவர்களுக்கு இது போதாது. அவர்கள் லாட்ஜிலிருந்து லாட்ஜுக்குத்தான் பயணம் போக வேண்டியிருக்கும்.

போன் பேட்டரி வேகமாகக் காலியாவது நாம் பேசுவதால் மட்டும் அல்ல. டவர் எட்டாத காட்டுப்பாதையில் அது ஓயாமல் டவரைத் தேடுகிறது, தேடத் தேடச் சத்தமில்லாமல் சார்ஜ் இறங்குகிறது. ஃப்ளைட் மோடில் போட்டால் தேடல் நிற்கும். ஜிபிஎஸ் மட்டும் வேலை செய்யும், அதற்கு டவர் தேவையில்லை. 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை ஆஸ்மண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் முன்கூட்டியே இறக்கிவைத்தால் நெட் இல்லாமலே வழி தெரியும். இதை வீட்டு வைஃபையில் செய்யாமல், கொண்டை ஊசி வளைவில் நின்று கைபேசியை வானத்துக்குத் தூக்கிக் காட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்தியாவில் இன்னொரு சங்கதி: 2016-இல் யூபிஐ வந்த பிறகு போன்தான் பணப்பை. அது அணைந்தால் வரைபடம் மட்டும் போவதில்லை, டீயும் போகும். ஐந்நூறு ரூபாயைச் சீட்டுக்கு அடியில் மடித்துவைப்பது எந்தக் கருவியையும்விட லேசானது. லடாக் போகிறவர்கள் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காது என்பதைக் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும், போஸ்ட்பெய்டு வேண்டும். அங்கே குளிரும் ஒரு எதிரி. உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் அது உள்ளுக்குள் கெட்டுப்போகும். அதனால்தான் அனுபவசாலிகள் போனையும் பவர் பேங்கையும் தூங்கும் பைக்குள் வைத்துக்கொண்டு படுக்கிறார்கள்.

சமவெளியில் இந்தக் கவலை எதுவும் பெரிதில்லை. நம்மூர் டீக்கடையில் இரண்டு பிளக் இருந்தால் ஒன்று மிக்ஸிக்கு, மற்றது சாமி படத்துச் சீரியல் பல்புக்கு. “அண்ணே, கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டுக்கலாமா?” என்று கேட்டால் சாமி பல்பைக் கழற்றிவிட்டு இடம் தருவார்கள். கூடவே எந்த ஊர், எதற்கு இந்த வெயிலில் சைக்கிள், பஸ் இல்லையா என்று விசாரணையும் நடக்கும். சார்ஜ் ஏறுவதற்குள் அடுத்த முப்பது கிலோமீட்டர் ரோடு எப்படி என்பது தெரிந்துவிடும். எந்தச் செயலியும் இவ்வளவு புதிதாகச் சொல்லாது.

வீட்டில் இருப்பவர்களின் கவலை வேறு. அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபி 1963-இல் தன்னந்தனியாக டெல்லி வரை சைக்கிளில் வந்தபோது தபால்தான் தொடர்பு. கடிதம் வர வாரக்கணக்கானாலும் யாரும் போலீஸுக்குப் போகவில்லை. இன்று இரண்டு மணி நேரம் வாட்ஸப்பில் நீல டிக் விழாவிட்டால் வீடு கலங்குகிறது. நொடிக்கு நொடி இருப்பிடம் காட்டும் வசதியைப் போட்டுக்கொடுத்தால் நிம்மதி கூடும் என்பது பலரின் நம்பிக்கை. கூடுவதில்லை. புள்ளி நகராமல் நின்றால், அவர் மரத்தடியில் தூங்குகிறார் என்று எந்தத் தாயும் நினைப்பதில்லை.

ஆஸ்திரேலியாவில் 2017-இல் நடந்த இந்தியன் பசிபிக் வீல் ரேஸில் வீரர்களின் இருப்பிடம் வரைபடத்தில் புள்ளியாக ஓடியது. அதைப் பார்த்து முன்பின் தெரியாதவர்கள் சாலையோரம் வந்து நின்று உற்சாகப்படுத்தினார்கள். இந்தத் தொழில்நுட்பம் தந்த அழகான விஷயம் அது. அதே பந்தயத்தில்தான் பிரிட்டிஷ் வீரர் மைக் ஹால் கான்பெரா அருகே கார் மோதி இறந்தார். கருவி இடத்தைக் காட்டும், காரை நிறுத்தாது. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி, சிக்னல் இல்லாத நாளை முன்னதாகவே சொல்லிவிடுவது, மறுநாள் எட்டு வரை பதறுவதில்லை என்ற உடன்பாடு. குடும்பத்துக்கு இதுவே நல்ல ஏற்பாடு.

உண்மையான ஆபத்துக்கு மட்டும் இந்த ஏற்பாடு உதவாது. டவரே இல்லாத இடத்தில் கால் முறிந்தால்? உலகின் பல நாடுகளில் அதற்கு 100 கிராம் எடையில் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் கருவி இருக்கிறது, கார்மினின் இன்ரீச் மினி போல. இந்தியாவில் அதை அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். 2024 டிசம்பரில் கனடா நாட்டுப் பெண் ஒருவர் இந்தக் கருவியோடு கோவா விமான நிலையத்தில் பிடிபட்டார். 2008 மும்பைத் தாக்குதலில் பயங்கரவாதிகள் செயற்கைக்கோள் தொலைபேசியைப் பயன்படுத்தியதை நினைத்தால் அரசின் எச்சரிக்கை புரிகிறது. ஆனால் சிம் கார்டுக்கு ஆதார் வாங்கிப் பதிவு செய்கிற நாட்டில், அவசரச் செய்தி மட்டும் அனுப்பும் கருவியை அடையாளச் சான்றோடு பதிவு செய்து, பயண நாட்களுக்கு மட்டும் அனுமதி தருவது முடியாத காரியமல்ல. இமயமலைச் சாலைகளில் சைக்கிளில் போகிறவர்களுக்கும் மலையேறுகிறவர்களுக்கும் வாடகைக்கு விடும் ஏற்பாட்டை மணாலியிலும் லேவிலும் முதலில் தொடங்கலாம். தொலைத்தொடர்புத் துறை அதற்கான விதியை எழுத வேண்டும்.