எத்தனை ஹெர்ட்ஸ் வைப்ரேஷன்?

"அந்தக் கோயிலுக்குப் போனாலே ஒரு பாசிட்டிவ் வைப்ரேஷன்!" "அந்த ஆளோட பேசினா நெகட்டிவ் வைப்ரேஷன்ப்பா..." இப்படிப் பேசாதவர்கள் இன்று குறைவு. வீட்டுக்கு, மனிதருக்கு, மோதிரக் கல்லுக்கு, எல்லாவற்றுக்கும் வைப்ரேஷன் உண்டாம். இயற்பியல் புத்தகத்திலும் 'அதிர்வு' என்று ஒரு பாடம் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. ஒன்றுதான் என்று நம்பவைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

அறிவியலில் அதிர்வு என்பது, ஒரு பொருள் தன் சமநிலையின் இருபுறமும் திரும்பத் திரும்ப அசைவது. எது அசைகிறது, நொடிக்கு எத்தனை முறை, எவ்வளவு தூரம் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் வேண்டும். நொடிக்கு ஒரு முறை என்றால் 1 ஹெர்ட்ஸ். மனிதக் காதுக்குக் கேட்பது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை.

உதாரணத்துக்குத் திருவதிகைப் பக்கம் போகலாம். கெடிலக் கரையில், பண்ருட்டியை ஒட்டிய ஊர். பண்ருட்டி என்றால் பலாப்பழம். பழம் மட்டுமா? தஞ்சாவூர் வீணை செய்பவர்கள் விரும்பித் தேடுவதும் பண்ருட்டிப் பலா மரத்தைத்தான். வெறும் தந்தியை மீட்டினால் சத்தம் மெலிதாகத்தான் கேட்கும். மெல்லிய கம்பியால் அதிகக் காற்றைத் தள்ள முடியாது. அந்த அதிர்வு குதிரை வழியாகப் பலாக் குடத்துக்கு இறங்கி, மரமும் உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து அதிரும்போதுதான் நாதம் அறையை நிறைக்கிறது. அதிரும் தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரண்டு மடங்கு. யார் அளந்தாலும் இதே விடைதான்!

கோயிலில் கிடைக்கும் உணர்வு பொய்யா? நிச்சயமாக இல்லை. கருங்கல்லின் குளிர்ச்சி, மணியோசை, கற்பூர வாசனை, தேவாரம்... மனசு அடங்கத்தான் செய்யும். தமிழில் அதற்கு நிம்மதி, சிலிர்ப்பு என்று நல்ல சொற்கள் உண்டு. 'அதிர்ச்சிச் செய்தி' என்றும் சொல்கிறோம். அங்கே யாரும் ஹெர்ட்ஸ் கேட்பதில்லை. உவமையாகச் சொல்வதில் தவறே இல்லை.

7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பரின் சூலை நோய் தீர்ந்த தலம் திருவதிகை என்கிறது பெரியபுராணம். அதே அப்பர், இறைவனின் திருவடி நிழலுக்கு வீணையின் நாதத்தை ஒப்பிட்டுப் பாடியிருக்கிறார். அதைப் 'போன்றது' என்றுதான் பாடினார். இன்றைய வைப்ரேஷன் பேச்சில் காணாமல் போனது அந்தப் 'போன்றது'தான். அது போனதும் வியாபாரம் வந்துவிடுகிறது. "இந்தக் கல்லின் அதிர்வு வயிற்று வலியைத் தீர்க்கும்." எத்தனை ஹெர்ட்ஸ்? எந்தக் கருவியால் அளந்தது? கேட்டால் பதில் வராது, கோபம்தான் வரும்.

"அணுக்களே அதிர்கின்றன என்று அறிவியலே சொல்கிறதே! ஜெனீவா செர்ன் ஆய்வுக்கூடத்தில் தில்லை நடராசர் நிற்கிறாரே!" என்பார்கள். அணுக்கள் அதிர்வது உண்மை. ஆனால் ராசிக்கல்லில் அதிர்வது போலத்தான் பிளாஸ்டிக் வாளியிலும் அதிர்கின்றன. வாளியை யாரும் விரலில் மாட்டிக்கொள்வதில்லை! செர்ன் சிலை, 2004 ஜூன் 18 அன்று திறக்கப்பட்ட இந்திய அரசின் பரிசு. அங்கேயும் துகள்களின் ஓயாத இயக்கத்துக்கு ஆனந்தக் கூத்து ஓர் உவமைதான். அழகான உவமை, ஆனால் சோதனை முடிவு அல்ல.

இன்று வயிற்று வலி என்று போனால் மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொல்வார். அதுவும் அதிர்வுதான். நொடிக்குப் பல லட்சம் முறை அதிரும், காதுக்கு எட்டாத ஒலி உள்ளே போய் எதிரொலித்துப் படமாகிறது. கல்லடைப்பும் குடல்வால் வீக்கமும் அதில் தெரியவரும். மோதிரத்தை நம்பி நாட்களைக் கடத்தினால், குடல்வால் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு சொல்லைத் தவறாகப் பயன்படுத்துவதன் விலை சில சமயம் அவ்வளவு பெரியது.

கோயிலுக்குத் தாராளமாகப் போங்கள். நிம்மதி கிடைத்தால் நிம்மதி என்றே சொல்லுங்கள். வைப்ரேஷனுக்கு யாராவது விலை சொன்னால் மட்டும், எத்தனை ஹெர்ட்ஸ் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.