விலையும் உழைப்பும்

தென்னந்தோட்டம் ஒன்றை வாங்க எண்ணுபவர், அது ஆண்டொன்றுக்கு என்ன வருமானம் தருகின்றது என்பதையே முதலில் விசாரிப்பார். ஓர் இலட்சம் ரூபா தரும் தோட்டத்துக்குப் பத்து இலட்சம் கேட்டால், பத்தாண்டு வருமானத்தை இன்றே கொடுக்கிறோம் என்பது அவருக்கு விளங்கிவிடும். கம்பனிப் பங்குகளுக்கும் இதே கணக்குத்தான். ஒரு பங்கின் சந்தை விலையை, அப்பங்குக்குரிய ஓராண்டு இலாபத்தால் வகுத்தால் வருவதே 'விலை உழைப்பு விகிதம்'.

எனினும், இவ்விகிதத்தை ஒரு நாளில் மட்டும் பார்த்து முடிவு கட்டுவது, ஓராண்டு மழையைக் கொண்டு குளத்தை மதிப்பிடுவதற்கு ஒப்பாகும்.

அமெரிக்காவின் மைக்ரோசொப்ட் கம்பனியை எடுத்துக்கொள்வோம். 2003 இல் அதன் பங்குகள் ஒன்றுக்கு இரண்டாகப் பிரிக்கப்பட்டன. அதற்கேற்பத் திருத்திப் பார்த்தால், 1999 இன் இறுதியில் ஒரு பங்கின் விலை ஏறக்குறைய 58 டொலர். விகிதமோ 70 ஐத் தாண்டியிருந்தது. 1999 ஜூனில் முடிந்த நிதியாண்டில் கம்பனியின் தேறிய இலாபம் சுமார் 780 கோடி டொலர். 2011 ஜூனில் முடிந்த ஆண்டில் அது 2,300 கோடியாக உயர்ந்தது. இலாபம் ஏறத்தாழ மும்மடங்காகியும் பங்கின் விலை 26 டொலருக்கு இறங்கியிருந்தது. விகிதமும் 10 க்குக் கீழே வந்துவிட்டது. கம்பனி நலியவில்லை, மக்கள் அதன்மீது வைத்திருந்த எதிர்பார்ப்பே வற்றியது. 1999 இன் இறுதியில் வாங்கியவர், இடையில் கிடைத்த பங்கிலாபம் நீங்கலாக, தாம் கொடுத்த விலையை மீண்டும் காண 2016 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு பிறந்த குழந்தை உயர்தர வகுப்பை எட்டும் காலம் அது! பிள்ளையின் படிப்புக்கென ஒதுக்கிய பணமாயின், அக்குடும்பத்தின் நிலை என்னவாகும்?

அப்படியாயின் விகிதம் உயர்ந்த போதெல்லாம் விலகி நிற்பதே அறிவுடைமையோ? அதுவுமன்று. 2008 இன் நிதி நெருக்கடியில் அமெரிக்கக் கம்பனிகளின் இலாபம் அடியோடு சுருங்கிற்று. அதனால், 500 பெருங் கம்பனிகளைக் கொண்ட எஸ். அன்ட் பி. சுட்டியின் விகிதம் 2009 இல் 100 ஐயும் தாண்டியது. விலை ஏறியதால் அன்று. வகுக்கும் எண் சிறுத்ததால். உண்மையில் பங்குகள் மலிந்து கிடந்த காலம் அது.

இம்மயக்கத்துக்கு மருந்து பழையது. பெஞ்சமின் கிரகாம், டேவிட் டொட் என்னும் அறிஞர் இருவர், ஓராண்டு இலாபத்தை நம்பாது பல ஆண்டுகளின் சராசரியைக் கொள்ளுமாறு 1934 இலேயே எழுதினர். 2013 இல் நோபல் பரிசு பெற்ற ரொபேட் ஷில்லரும், பணவீக்கத்தைக் கழித்துப் பத்தாண்டுச் சராசரியையே கையாண்டார்.

மாணவர்கள் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். ஏதேனும் ஒரு கம்பனியின் பத்தாண்டு அறிக்கைகளைத் தேடியெடுத்து, ஆண்டு, பங்கின் விலை, பங்கொன்றுக்கான இலாபம், விகிதம் என நான்கு நிரல்களில் எழுதுக. விலை ஏறியது இலாபம் வளர்ந்ததாலா, எதிர்பார்ப்பு வளர்ந்ததாலா என்பது அப்போது தெரிந்துவிடும். சேமிப்பைப் பங்கில் இடுமுன், வீட்டார் அந்த ஒரு தாளையேனும் பார்த்தல் நன்று.