ஆற்று நீர் மட்டும் பரிசுத்தமோ?

2020-21 வறட்சியில் தைவானில் 70,000 ஹெக்டேருக்கு மேல் பாசனம் நிறுத்தப்பட்டது. கணினிச் சில்லு ஆலைகளுக்கோ தண்ணீர் சற்றுக் குறைந்ததே தவிர, நிற்கவில்லை.

ஆலைகள் கழிவுநீரில் ஒரு பகுதியைச் சுத்தம் செய்து மீண்டும் உபயோகிப்பது உண்மை. மீதியை ஏன் விடவேண்டும்? கரிமப் பொருள் நூறு கோடியில் ஒரு பங்கு தங்கினாலும் சில்லு கெடுமாம். கெடும், மறுக்கவில்லை. ஆற்று நீர் மட்டும் பரிசுத்தமோ? வயலிலிருந்து வடியும் யூரியா அதில் வருகிறதே! அது சவ்வு வடிகட்டியில் நழுவும், புற ஊதா ஒளிக்கும் எளிதில் மசியாது. அதைப் பிடிக்க மட்டும் வழி கண்டார்கள்!

மொத்தக் கரிமத்தை அளக்கும் கருவி உண்டு. இன்னது இவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கருவியும் உண்டு. ஒவ்வொரு கழிவுக் குழாயையும் தனித்தனியே சோதிக்கட்டும், தேறியதைத் திருப்பி எடுக்கட்டும். செலவாகுமாம்! ஆகட்டுமே, தரிசாய்க் கிடந்த வயலுக்கு ஆகவில்லையா?