முதலில் வந்து நிற்கும் பொலிஸ்காரர்



யுத்தத்தைக் கண்ட நமக்குக் காக்கிச் சட்டையைக் கண்டாலே வயிற்றில் புளி கரைக்கும். ஆனாலும் பூண்டுலோயா லயங்களில் அடிதடி என்றால் 119க்குத்தானே அழைக்கிறோம்? முதலில் வருபவர் செய்வதும் செய்யாமல் விடுவதும்தான் பிறகு நடப்பதைத் தீர்மானிக்கின்றன.

2000 ஒக்டோபர் 25 நினைவிருக்கும். பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமைக் கும்பலொன்று தாக்கியபோது, சுமார் 60 பொலிஸார் அங்கே இருந்தார்கள். 25க்கும் மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்டனர். ஆள் இல்லாமல் அல்ல, இருந்தவர்கள் தடுக்காததால். 2003இல் இரு பொலிஸ் அதிகாரிகள் உட்பட ஐவருக்கு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2005 மே மாதத்துக்குள் மேன்முறையீட்டில் எல்லோரும் விடுதலை.

வீட்டுச் சண்டையிலும் வருபவரின் வேலை இதுவே: அடிப்பவரைத் தள்ளி நிறுத்துவது, காயப்பட்டவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, கணவன் காதில் விழாத இடத்தில் அவளிடம் கேட்பது. “புருஷன்தானே, சமாதானமாகப் போங்கள்” என்று அனுப்பிவிடுவது அவர் வேலையல்ல. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்டு நமக்காகப் பொலிஸாரே விண்ணப்பிக்கலாம். இது தெரியாத உத்தியோகத்தர்களையும் கண்டிருக்கிறேன்!

என்னோடு வந்த ஒரு அக்கா, சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தாள். அவள் சொன்ன கத்தி அதில் இல்லை. தமிழில் எழுதக் கேளுங்கள், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நிலையத்தில் கவனிக்காவிட்டால் பெண்களுக்கான 1938 இலக்கம் இருக்கிறது.