தொலைக்காட்சி விவாதமும் நடுநிலைமைப் புரட்டும்

இரவு எட்டு மணி ஆகிவிட்டால் நமது செய்தித் தொலைக்காட்சிகளில் "விவாதம்" என்பதாக ஒரு காரியம் நடந்து வருகின்றது. திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளி முதல் பல்லடம் விசைத்தறிக்காரர் வரை அதைக் கேட்டுவிட்டு, மறுநாள் டீக்கடையில், "அந்த டி.வி. அவன் கட்சி, இந்த டி.வி. இவன் கட்சி" என்று சண்டை போட்டுக்கொள்ளுகிறார்கள். விவாதத்திற்கு வருகின்றவர்கள் பட்சபாதமுடையவர்கள் என்பதே எல்லாக் கட்சியாரும் சொல்லும் குற்றமாயிருக்கின்றது. இதில் எது உண்மையான குற்றம் என்பதைச் சற்று யோசித்துப் பார்ப்போம்.

முதலாவது, நமக்குப் பட்சபாதமாகத் தோன்றுவதெல்லாம் பட்சபாதமாகிவிடாது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையார் 1985-ல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 1982-ல் பெய்ரூட்டில் நடந்த படுகொலையைப் பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்திகளை, இஸ்ரேல் ஆதரவாளருக்கும் அரபு ஆதரவாளருக்கும் போட்டுக் காட்டினார்கள். இரு கூட்டத்தாருமே, "இது எங்களுக்கு விரோதமானது" என்றார்கள்! ஆகவே, நம் கட்சிக்காரரை மடக்கினால் அநீதி, எதிர்க்கட்சிக்காரரை மடக்கினால் நியாயம் என்று கருதுவது அறிவுடைமை ஆகாது.

இரண்டாவது, கட்சிக்காரர் கட்சிக்குப் பேசுவது குற்றமல்ல. அவர் தன் சரக்கு இன்னதென்று சொல்லி விற்கிறவர். வேண்டியவர் வாங்கலாம், வேண்டாதவர் தள்ளலாம். ஆனால் "அரசியல் விமர்சகர்", "மூத்த பத்திரிகையாளர்", "பொருளாதார நிபுணர்" என்கின்ற பட்டங்களோடு சிலர் வந்து உட்காருகிறார்கள். இவர்களில் சுயேச்சையாகப் பேசும் யோக்கியர்களும் உண்டு. ஒரு கட்சிக்குத் தேர்தல் வேலை செய்தவரும் இதே பட்டத்தோடு வந்துவிட்டால், கேட்பவன் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பான்?

திருப்பூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாலியஸ்டர் கலந்த துணிக்கு "நூற்றுக்கு நூறு பருத்தி" என்று லேபிள் தைத்து அனுப்பினால் வெளிநாட்டு வியாபாரி சும்மா இருப்பானா? பாலியஸ்டர் கலப்பது குற்றமல்ல, மறைப்பதுதான் குற்றம். பனியனுக்கு வேண்டிய நாணயம் அபிப்பிராயத்திற்கு வேண்டாமா?

டி.வி. முதலாளிகளுக்கும் லேபிள் வேண்டும். 2006-ல் வந்த மக்கள் தொலைக்காட்சி பா.ம.க.வைச் சேர்ந்தது. 2007-ல் வந்த கலைஞர் தொலைக்காட்சி தி.மு.க.வையும், 2018-ல் வந்த நியூஸ் ஜெ அ.தி.மு.க.வையும் சார்ந்தவை. புதிய தலைமுறையை நடத்துவது எஸ்.ஆர்.எம். குழுமம், அதன் நிறுவனர் பாரிவேந்தர் இந்திய ஜனநாயகக் கட்சியைத் தொடங்கியவர். நியூஸ்18 ரிலையன்ஸ் கம்பெனியுடையது. இவையொன்றும் இரகசியமல்ல. ஆனால் அறிந்துகொண்டு கேட்பவர் எத்தனை பேர்?

இனி, கட்சிகளும் சர்க்காரும் கண்ட மருந்தைப் பாருங்கள். 2019 மே மாதத்தில் காங்கிரஸ், ஒரு மாதம் விவாதங்களுக்கு ஆள் அனுப்புவதில்லை என்றது. 2023 செப்டம்பரில் "இந்தியா" கூட்டணியார் 14 நெறியாளர்களைப் பகிஷ்கரித்தார்கள். 2018 ஜூனில் கோயமுத்தூரில் புதிய தலைமுறை நடத்திய விவாதத்திற்காக, டைரக்டர் அமீர் மீதும் தொலைக்காட்சியின் மீதுமே போலீசார் வழக்குப் போட்டார்கள். வராமலிருப்பதும், வாயை அடைப்பதும் கேட்பவனுக்கு என்ன நன்மை செய்யும்?

நிற்க, எல்லாக் கட்சியாரும் சேர்ந்து செய்யும் பட்சபாதம் ஒன்று உண்டு. நூல் விலை ஏற்றத்திற்காக 2022 மே 16, 17-ல் திருப்பூர் கம்பெனிகள் அடைக்கப்பட்டன. வடநாட்டுத் தொழிலாளர் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பொய்ப் படங்கள் பரவின. 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா நம் சரக்கின் மேல் 50 சதவிகித வரி போட்டது. இவற்றை விவாதித்த இரவுகளில், ஒரு தையல்காரப் பெண்ணோ, ஒரு செக்கிங் தொழிலாளியோ, ஒரு பீகார்த் தொழிலாளியோ அந்த மேஜையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? கூலி போகிறவனை விட்டுவிட்டு அவன் கூலியைப் பற்றிப் பேசுவதற்கு நடுநிலைமை என்று பெயரா?

ஆதலால் தோழர்களே! ஒரு மாத காலம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். யார் வந்தார், என்ன பட்டத்தோடு வந்தார், எத்தனை நிமிஷம் பேசினார், எத்தனை தடவை மறிக்கப்பட்டார், யார் அழைக்கப்படவில்லை என்று கணக்கெடுங்கள். நம்மவர் பேசும்போதும் அதே கணக்கு வேண்டும். நிகழ்ச்சி விதிகளுக்கு விரோதமாயிருந்தால் அந்த டி.வி.க்கே புகார் எழுதுங்கள். 2021-ல் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி 15 நாளைக்குள் அவர்கள் அதன்மேல் முடிவு சொல்லியாக வேண்டும். அதற்கு மேலும் முறையிட வழியுண்டு.

"பட்சபாதம்" என்று கூச்சல் போடுவது எவருக்கும் எளிது. கணக்கோடு கேட்பவனுக்குத்தான் டி.வி. முதலாளியும் பதில் சொல்லியாக வேண்டும்.