கடை தேராவில்; கணக்கு எங்கே?

 

காதர்பேட்டையில் செகண்ட்ஸ் பனியனை வாங்கி மூட்டை கட்டிக் கப்பல் ஏற்றியவர்களில் பலர் இன்று துபை தேராவிலும் கோலாலம்பூரிலும் சொந்தமாகக் கடை நடத்துகிறார்கள். இன்னும் சிலர் திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு அங்கிருந்தே ஆர்டர் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் பெறுகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்! 1925இல் இந்த ஊரில் முதல் பின்னல் எந்திரத்தை நிறுவியவராகக் குலாம் காதரின் பெயர் சொல்லப்படுகிறது. அந்தப் பாரம்பரியத்துக்குக் கடல் கடப்பது பெரிய காரியமல்ல.

ஆனால் ஊரில் உள்ள குடோன் வாடகைக்கும் வங்கி வட்டிக்கும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தீர்களா என்று கேட்டால், "நான்தான் வெளிநாட்டில் இருக்கிறேனே, எனக்கு எதற்கு?" என்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பதால்தான் சகோதரரே, உங்களுக்கு அது அவசியம்!

ஏன் என்பதைக் கேளுங்கள். 2025 ஏப்ரலுக்குப் பிறகு "12 லட்சம் வரை வரி இல்லை" என்ற பேச்சு தேநீர்க்கடை வரை வந்துவிட்டது. அந்தத் தள்ளுபடி இந்நாட்டில் வசிப்போருக்கு மட்டுமே! வெளிநாடு வாழ்வோருக்கு 4 லட்சத்தோடு விலக்கு முடிகிறது. ஆண்டுக்கு 10 லட்சம் வாடகை வரும் குடோன் ஒன்று உங்களுக்கு இருப்பதாக வைத்துக் கொள்வோம். 30 சதவீதக் கழிவு போக 7 லட்சம். உள்ளூர்க்காரருக்கு இதில் வரி பூஜ்யம். உங்களுக்கு 15,600 ரூபாய்.

அதோடு முடியவில்லை. வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை தரும் குடித்தனக்காரர், முழு வாடகையிலும் 31.2 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்டியாக வேண்டும். அதாவது 3,12,000 ரூபாய்! கட்ட வேண்டியதோ 15,600. மீதி 2,96,400 ரூபாய் உங்கள் பணம். கணக்கு தாக்கல் செய்தால்தான் அது திரும்பி வரும். என்.ஆர்.ஓ. டெபாசிட் வட்டியிலும் வங்கி இதே விகிதத்தில் பிடிக்கிறது. குறைவாகப் பிடிக்கச் சொல்லி வருமான வரி அலுவலகத்தில் முன்கூட்டியே சான்றிதழ் பெற வழியுண்டு. எத்தனை பேர் பெற்றிருக்கிறோம்? பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும் பணத்தை அரசாங்கத்திடமே விட்டுவிட்டு, வட்டிக்குக் கடன் வாங்கி ஹராமில் விழுகிறோமே, இது என்ன நியாயம்?

கமிஷன் வாங்கும் சகோதரர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்த தொகையாக இருந்தாலும், அது முதன்முதலாக உங்கள் திருப்பூர் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தால் இந்தியாவில் பெற்ற வருமானமாகிவிடும், வரி உண்டு. அங்குள்ள கணக்கில் பெற்று, பிறகு என்.ஆர்.இ. கணக்குக்கு அனுப்புவது வேறு. கம்பெனிக்காரர் "ஊர்க் கணக்கிலேயே போட்டுவிடவா?" என்று அன்பாகக் கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள்! ஊரில் இருந்தபோது தொடங்கிய சேமிப்புக் கணக்கையும் அப்படியே வைத்திருக்கக் கூடாது, என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பது அந்நியச் செலாவணிச் சட்டம். உண்டியல் பக்கம் போகவே வேண்டாம். கணக்கில்லாத பணத்துக்கு நம் பெயர் சேர்ந்தால் என்னென்ன முத்திரை குத்துவார்கள் என்பதை இந்தச் சமுதாயத்துக்கு விளக்க வேண்டியதில்லை.

நாள் கணக்கையும் எழுதி வையுங்கள். ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே தங்கினால் நீங்கள் உள்நாட்டவர். சொந்தத் தொழிலுக்காகப் போனவருக்கும் வேலைக்குப் போனவருக்குரிய அதே 182 நாள் சலுகை உண்டென்று கேரள உயர்நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. ஆனால் இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுவோர், விடுமுறைக்கு வந்து 120 நாள் தங்கினாலே சிக்கல் வரலாம். இது 2020இல் வந்த மாற்றம். அந்த ஆண்டு, எந்த நாட்டிலும் வரி கட்டாத இந்தியரை உள்நாட்டவராகக் கருதுவோம் என்று பட்ஜெட் சொன்னபோது வளைகுடா முழுவதும் பதறியது. கேரள முதலமைச்சராக இருந்த பினராயி விஜயன் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். உழைத்து வாழ்வோரின் வெளிநாட்டு வருமானத்தில் கைவைக்க மாட்டோம் என்று பிப்ரவரி 2ஆம் தேதி மத்திய அரசு விளக்கம் தந்தது. குரல் கொடுத்தால் பலன் உண்டு என்பதற்கு இது சாட்சி.

அமீரகத்திலும் காலம் மாறிவிட்டது. 2023 முதல் அங்கே தொழில் வரி நடப்பில் உள்ளது. தனிநபர் தொழிலும் ஆண்டு வரவு 10 லட்சம் திர்ஹத்தைத் தாண்டினால் அதற்குள் வரும்.

"ஜகாத் கொடுக்கிறேனே, போதாதா?" என்கிறார் ஒருவர். ஜகாத் வேறு, வரி வேறு; ஒன்று மற்றொன்றின் கடமையைத் தீர்க்காது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது! அல்பகறா 282ஐ எடுத்துப் பாருங்கள்.

வாடகையும் வட்டியும் மட்டும் உள்ளவர்களுக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. அதற்கு முன் பான் அட்டை உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று 2023இல் வெளிநாடு வாழ்வோர் பலரின் பான் முடக்கப்பட்டது. முடங்கிய பானுக்கு ரீஃபண்டு வராது. ஆடிட்டரிடம் போகும்போது பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கங்களையும் கொண்டு போங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே காட்டுங்கள்.

உள்நாட்டவருக்குத் தரும் 12 லட்சத் தள்ளுபடியை, சிறு வாடகையை நம்பியிருக்கும் வெளிநாட்டுத் தமிழருக்கும் மத்திய அரசு தர வேண்டும். வெளிநாடு வாழ் தமிழர் நல வாரியம் ஜூலைக்கு முன்பே திருப்பூரில் இதற்கென முகாம் நடத்த வேண்டும். ஜமாஅத் நிர்வாகிகள் பள்ளிவாசல் வளாகத்தில் இடம் கொடுத்தால், விவரம் தெரிந்த நம் இளைஞர்களை உட்கார வைக்க நாம் தயார், இன்ஷா அல்லாஹ்.