பல்வலியைச் சொல்லத் தெரியாத உம்மா

"உம்மா மூணு நாளாச் சோத்தத் தொடுறாவில்ல. அறளை பேந்தா இப்படித்தானே, என்ன செய்ற?"

சாய்ந்தமருதில் ஒரு மகள் என்னிடம் சொன்னது இது. மருதமுனை, நிந்தவூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் இதே பேச்சைக் கேட்கிறேன். வயதானவர் சாப்பிட மறுத்தாலும், முகம் கழுவப் போன கையைத் தட்டிவிட்டாலும், இரவில் தூங்காமல் புலம்பினாலும் பழி முழுவதும் மறதி நோயின் மேல் விழுகிறது. அந்த உம்மாவைப் பல் வைத்தியரிடம் காட்டியபோது கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, ஈறு சீழ் கட்டியிருந்தது. பல்லைப் பிடுங்கிய பின் முதலில் கஞ்சி குடித்தார். சில நாட்களில் சோறும் சாப்பிட்டார்.

சகோதரிகளே, மறதி நோய் வந்தவருக்கும் பல் வலிக்கும். 'வலிக்கிறது' என்று சொல்லத்தான் வராது. கன்னத்தைப் பிடித்துக்கொள்வது, ஒரு பக்கமாகவே மெல்லுவது, சூடான தேநீரைத் தள்ளிவிடுவது, கட்டுப்பல்லைக் கழற்றி எறிவது, வாய் நாறுவது இவையெல்லாம் அவர் சொல்ல முடியாமல் சொல்லும் செய்திகள். இவற்றைக் கண்டால் முதலில் வாயைப் பாருங்கள்.

நமது பகுதியில் இன்னொரு கவலையும் உண்டு. வெற்றிலை வட்டாவோடு வாழ்ந்த தலைமுறை இது. மறதி வந்த பின் சிலர் சப்பியதைத் துப்ப மறந்து, கன்னத்தில் அடக்கியபடியே உறங்கிவிடுகிறார்கள். அது தொண்டையில் சிக்கலாம். புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இலேயே அறிவித்தது. பாக்கு மட்டுமே கூட அப்படித்தான் என்று 2004இல் வெளியான அதன் அறிக்கை கூறுகிறது. எனவே வட்டாவைக் கண்ணில் படாமல் வையுங்கள். வாயில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ தெரிந்தாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும், வாய் முன்போல் திறக்காவிட்டாலும் தாமதிக்காமல் அரச வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள்.

வாயைச் சுத்தம் செய்வது எப்படி? பெயர்களை மறந்தவர்கள் கூட வுழு செய்யும் முறையை மறக்காமல் இருப்பதைப் பார்க்கிறோம். நீண்ட காலப் பழக்கம் பலருக்கு வெகு நாள் கையில் நிற்கும். ஆகவே பல் துலக்குவதை வுழுவுடைய நேரத்தோடு சேர்த்துவிடுங்கள். காலையிலும் படுக்கப் போகுமுன்பும் கட்டாயம் துலக்க வேண்டும்.

அவரை நிமிர்ந்து உட்கார வையுங்கள். படுத்த நிலையில் வாயில் தண்ணீர் விட வேண்டாம். மிருதுவான சிறிய பிரஷ்ஷில், புளோரைட் உள்ள பற்பசை ஒரு பட்டாணி அளவு போதும். முதலில் பிரஷ்ஷை அவர் கையிலேயே கொடுங்கள். நீங்களும் பக்கத்தில் நின்று துலக்கிக் காட்டுங்கள். முடியாவிட்டால் அவர் கைமேல் உங்கள் கையை வைத்துத் துலக்குங்கள். பற்களுக்கிடையில் விரலை விடாதீர்கள், கடித்துவிடுவார். கோபப்பட்டால் விட்டுவிட்டு அரை மணித்தியாலம் கழித்து வாருங்கள். வலுக்கட்டாயமாக வாயைத் திறந்தால் நாளைக்கும் திறக்கமாட்டார். கொப்பளிக்கும்போது புரையேறுகிறவருக்கு, ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து ஈறையும் நாக்கையும் மெதுவாகத் துடைத்துவிடுங்கள். உமிக்கரி, செங்கல் தூள் வேண்டாம். அவை பல்லைத் தேய்த்துவிடும்.

கட்டுப்பல்லை இரவில் கழற்றி, பிரஷ்ஷும் சவர்க்காரமும் கொண்டு கழுவித் தண்ணீரில் போட்டு வையுங்கள். கொதிநீர் ஊற்றினால் வளைந்துவிடும். பல மருந்துகள் வாயை உலர வைக்கும். உலர்ந்த வாயில் பல் விரைவாகச் சொத்தையாகும். சீனி போட்ட தேநீரைக் குறைத்து, இடையிடையே ஒரு மிடறு தண்ணீர் கொடுங்கள்.

இது பல்லோடு முடிகிற விடயமல்ல. அழுக்கான வாயின் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் போனால் நியூமோனியா வரலாம். ஜப்பானில் முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. தாதியர் வாயைச் சுத்தம் செய்துவந்தவர்களில் 11 சதவீதத்தினருக்கும், அப்படிச் செய்யப்படாதவர்களில் 19 சதவீதத்தினருக்கும் நியூமோனியா வந்தது. ஒரு பிரஷ்ஷும் சில நிமிடங்களும் செய்த வேலை இது.

நபி (ஸல்) அவர்கள் கடைசி நோயில் மிஸ்வாக்கைப் பார்த்தபோது, ஆயிஷா (ரழி) அவர்கள் அதை வாங்கி மென்று மிருதுவாக்கிக் கொடுத்ததாக புகாரியில் பதிவாகியுள்ளது. நோயாளியின் வாயைப் பேணுவதை அருவருப்பாக நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

நமது ஊர்களில் வீடு மகளுக்குப் போவதால் உம்மாவைப் பார்ப்பதும் மகளின் கடமை என்றாகிவிட்டது. மகன்மாரே, உம்மாவின் பாலைக் குடித்தது மகள் மட்டுமல்ல. இஷாவுக்குப் பிறகு வந்து, ஒரு வேளை நீங்கள் துலக்கிவிட்டால் உங்கள் சகோதரி சற்றுச் சாய்ந்திருப்பாள்.

வீட்டில் முதியவர் இருந்தால் இன்றைக்கே வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைப் பாருங்கள். நோய் ஆரம்பத்தில் இருக்கும்போதே பல் வைத்தியரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். சொல்லத் தெரிந்திருக்கும்போது சிகிச்சை செய்வது அவருக்கும் இலகு, உங்களுக்கும் இலகு.